அம்மா சோறு வடிக்கும்வரை திறக்காத லேப்டாப்! எஸ்.எஸ்.டி-யா, ஹார்ட் டிஸ்க்கா, ஹைப்ரிடா... எது வாங்கலாம்?

டெக் அஞ்சறைப் பெட்டி - 14

பொங்கல் லீவுக்கு காரைக்குடி பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் தம்பி லேப்டாப் பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனான். தலை துவட்டிக்கொண்டு திரும்பி வந்தபோதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

``இது தெறக்குறதுக்குள்ள நான் உலை வச்சு, அரிசி போட்டு, சோறே வடிச்சிருவேன்'' என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

அம்மா சும்மா சொல்லவில்லை. முந்தைய வாரம்தான் தம்பிக்கு ஆன்லைன் தேர்வு. ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும் தேர்வுக்கு ஒன்பதே காலுக்கு லேப்டாப்பைத் திறந்திருக்கிறான். அப்டேட் ஒன்று ஓட ஆரம்பித்து, தேர்வுப் பக்கம் வந்தபோது ஒன்பது நாற்பது. பத்து நிமிடம் போச்சு.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ``பாப்பா, இதுல எஸ்.எஸ்.டி-னு ஒண்ணு போட்டா சரியாயிருமாமே, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். கடையில கேட்டா ஹார்ட் டிஸ்க்கே மாத்திக்கலாம், ஹைப்ரிடுனு ஒண்ணு இருக்கு, அதுவும் போடலாம்னு மூணு விலை சொல்றாங்க. நீதான் இதப் பத்தியெல்லாம் எழுதுறியே, எது வாங்கலாம்?'' என்றார்.

வாரா வாரம் இன்பாக்ஸில் நீங்கள் கேட்கும் கேள்வியும் இதுதான். இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன பரிசோதனை

உங்கள் லேப்டாப் மெதுவாக இருப்பதற்குக் காரணம் டிஸ்க்தானா என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்காதீர்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் `பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போய் `டிஸ்க்' என்பதைத் தொடுங்கள். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி-யா என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே டிஸ்க் பயன்பாடு 100 சதவிகிதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

டிஸ்க் சாதாரணமாக இருந்து, `மெமரி' மட்டும் 90 சதவிகிதத்துக்கு மேல் நின்றால் பிரச்னை ரேமில். அதற்கு எஸ்.எஸ்.டி போட்டுப் பெரிய பலன் இருக்காது. எங்கள் வீட்டு லேப்டாப்பில் டிஸ்க் 100-ல் நின்றது.

ஹார்ட் டிஸ்க்: மளிகைக் கடை அண்ணாச்சி

1956-ல் ஐ.பி.எம் நிறுவனம் `ராமாக்' என்ற கம்ப்யூட்டருடன் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் சேமிக்க முடிந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவின் அளவுதான்! அதற்குப் பிறகு தட்டுகள் சுருங்கின, கொள்ளளவு பெருகியது. அடிப்படை மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சு பூசிய தட்டு சுற்றும், அதன்மேல் ஒரு சின்ன முனை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கும், எழுதும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுபவை. அதாவது நொடிக்கு 90 சுற்று. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு ஃபைலைப் படிக்க அந்த முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், பிறகு தேவையான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 15 மில்லி செகண்டு அளவுக்கு ஆகும். எனவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூறு முறைகூடத் தேடி எடுக்க முடியாது. லேப்டாப் திறக்கும்போது விண்டோஸ் கேட்பதோ, இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை.

பழைய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கொடுத்தால், கடையில் இருக்கும் ஒரே ஆள் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அலமாரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு மூட்டை அரிசி கேட்டால் ஒரே நடையில் தூக்கிவந்துவிடுவார். பெரிய சினிமா ஃபைலை ஹார்ட் டிஸ்க் பிரச்னை இல்லாமல் ஓட்டுவது இதனால்தான். ஆனால் கடுகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம் என்று ஐம்பது சில்லறைச் சாமான் கேட்டால்? காலை முழுக்க நடைதான்.

அதற்காக ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்கிவிட முடியாது. ஒரு ஜி.பி-க்கு எவ்வளவு விலை என்று கணக்குப் போட்டால், பெரிய கொள்ளளவில் இன்றும் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. 4 டி.பி, 8 டி.பி என்று தேவைப்படுபவர்களுக்கு அதை விட்டால் கையைக் கடிக்காத வழி இல்லை.

எஸ்.எஸ்.டி: கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி

எஸ்.எஸ்.டி-க்குள் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பென் டிரைவ், மெமரி கார்டில் இருக்கும் அதே வகை ஃபிளாஷ் சிப்தான் இதிலும். ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. இன்றைய எஸ்.எஸ்.டி-களின் அடிப்படையான `நாண்ட்' வகையை அவரது குழு 1987-ல் உலகுக்கு அறிவித்தது. அழிக்கும்போது மொத்தமாக ஒரே அடியில் அழிவது கேமரா ஃபிளாஷ் போல இருக்கிறது என்று உடன் வேலை பார்த்தவர் சொல்லப்போய் வந்த பெயர்தான் `ஃபிளாஷ்'.

எந்த மூலையில் இருக்கும் தகவலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். அம்மாவின் அஞ்சறைப் பெட்டி மாதிரி. கடுகு எங்கே, மிளகு எங்கே என்று நடக்க வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு முறை தேடத் திணறும் இடத்தில், எஸ்.எஸ்.டி பல்லாயிரம் முறை எடுத்துத் தரும்.

கடையில் உங்களைக் குழப்புவது எஸ்.எஸ்.டி-யின் வகைகள்தான். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, 2.5 அங்குல சாட்டா. பார்க்க லேப்டாப் ஹார்ட் டிஸ்க் மாதிரியே சப்பைப் பெட்டியாக இருக்கும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். வேகம் நொடிக்கு 550 எம்.பி வரை.

இரண்டு, எம்.2 சாட்டா. சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும். உருவம்தான் வேறு, வேகம் முதல் வகையைப் போலவேதான்.

மூன்று, எம்.2 என்.வி.எம்.இ. அதே பட்டை வடிவம். ஆனால் வேறு பாதையில் பேசும். மூன்றாம் தலைமுறை என்றால் நொடிக்கு 3,500 எம்.பி வரை, நான்காம் தலைமுறை என்றால் 7,000 எம்.பி வரை போகும்.

இரண்டாவதும் மூன்றாவதும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் மாற்றி வாங்கிவிட்டு வருபவர்கள் நிறைய. உங்கள் லேப்டாப்பில் எம்.2 இடம் இருக்கிறதா, இருந்தால் அது சாட்டாவை ஏற்குமா, என்.வி.எம்.இ-யை ஏற்குமா என்பதை மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். சில லேப்டாப்களில் குட்டை வகைதான் நுழையும்.

`7,000 எங்கே, 550 எங்கே? அப்போ வேகமானதைத்தானே வாங்கணும்?' என்று தோன்றும். அந்தப் பெரிய எண்கள் எல்லாம் பெரிய ஃபைலைத் தொடர்ந்து நகலெடுக்கும்போது வருபவை. பிரவுஸர், வேர்டு, ஆன்லைன் வகுப்பு, பில் போடுவது என்று இருக்கும் வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி-க்கு மாறுவதுதான் பெரிய தாவல். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ-க்குப் போனால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. புது லேப்டாப் வாங்கினால் என்.வி.எம்.இ தானாகவே வரும், அதனால் அங்கே யோசிக்க வேண்டியதும் இல்லை.

ஹைப்ரிட்: ரெண்டுங்கெட்டான் ஆன கதை

எஸ்.எஸ்.டி யானை விலை விற்ற காலத்தில் வந்த சமரசம் ஹைப்ரிட். ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே கொஞ்சம் ஃபிளாஷ் சிப்பைச் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் அடிக்கடி திறப்பது எது என்று டிரைவே கவனித்து, அதை மட்டும் ஃபிளாஷில் நகல் வைத்துக்கொள்ளும். 2010-ல் சீகேட் கொண்டுவந்த `மொமென்டஸ் எக்ஸ்டி' 500 ஜி.பி வரை கிடைத்தது. அதோடு இருந்த ஃபிளாஷ் 4 ஜி.பி. பிறகு வந்த மாடல்களில் அது 8 ஜி.பி ஆனது.

யோசனை நல்லதுதான். தினமும் அதே நாலு வேலையைச் செய்பவருக்கு லேப்டாப் சீக்கிரம் திறந்தது. ஆனால் 8 ஜி.பி-யில் எவ்வளவு அடங்கும்? புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினால் மறுபடி அந்த மளிகைக் கடை நடைதான். ஆப்பிள் 2012-ல் `ஃபியூஷன் டிரைவ்' என்று 128 ஜி.பி ஃபிளாஷையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டியது. இரண்டில் ஒன்று செத்தாலும் மொத்தமும் போய்விடும் என்பது அதன் ஆபத்து. 2017-ல் இன்டெல் `ஆப்டேன் மெமரி' என்று 16, 32 ஜி.பி அட்டைகளை ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாகக் கொண்டுவந்தது. 2022-ல் ஆப்டேன் தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

எஸ்.எஸ்.டி விலை இறங்கியதும் சமரசத்துக்கு வேலை இல்லாமல் போனது. எனவே கடையில் பழைய ஸ்டாக்கைத் தூசி தட்டி, `ரெண்டுக்கும் நடுவுல, வாங்கிக்கங்க' என்று ஹைப்ரிட் டிரைவைக் காட்டினால், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் அந்த யோசனையை நீங்களே செய்துகொள்ளலாம். விண்டோஸும் சாஃப்ட்வேரும் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி-யில், போட்டோவும் வீடியோவும் தனி ஹார்ட் டிஸ்க்கில். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் காசுக்கேற்ற ஏற்பாடு இதுதான்.

எஸ்.எஸ்.டி சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

அப்பாவின் அடுத்த கேள்வி. எஸ்.எஸ்.டி-யில் எழுதி எழுதி அழித்தால் அதன் செல்கள் தேயும் என்பது உண்மை. அதனால்தான் நிறுவனங்கள் `இத்தனை டி.பி எழுதும்வரை' என்று ஒரு வரம்பு தருகின்றன. பெட்டியில் `டி.பி.டபிள்யூ' என்று இருக்கும். 180 டி.பி.டபிள்யூ கொண்ட ஒரு 500 ஜி.பி டிரைவை எடுத்துக்கொள்வோம். தினமும் 20 ஜி.பி எழுதுகிறீர்கள் என்று வைத்தாலும் 9,000 நாள் ஆகும். ஏறக்குறைய 24 வருடம். அதற்குள் லேப்டாப்பே மியூசியத்துக்குப் போயிருக்கும். சாதாரண வீட்டு உபயோகத்தில் தேய்மானத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. ஹார்ட் டிஸ்க் பல நேரம் சொல்லிவிட்டுச் சாகும். சத்தம் மாறும், ஃபைல் திறக்க நேரமாகும், சில ஃபைல்கள் அடம்பிடிக்கும். எஸ்.எஸ்.டி அப்படி இல்லை. நேற்றுவரை ஓடியது, இன்று காலை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை என்று ஒரே நாளில் முடிந்துவிடலாம்.

தெரியாமல் அழித்த ஃபைலை மீட்பதிலும் வித்தியாசம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் அழித்தாலும், அந்த இடத்தில் வேறு எதையும் எழுதும்வரை தகவல் அங்கேயே கிடக்கும், மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி-யில் `ட்ரிம்' என்ற ஏற்பாடு இருப்பதால், அழித்த இடத்தை டிரைவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும். பிறகு அழுது புரண்டாலும் வராது.

இன்னொன்று, எஸ்.எஸ்.டி-யில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் பூட்டிவைத்தால் அது மெல்லக் கசியும். முழுதாகத் தேய்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி, 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புது டிரைவ் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனாலும் நம்ம ஊர் வெயிலில், கல்யாண ஆல்பத்தை எஸ்.எஸ்.டி-யில் போட்டு பத்து வருடம் மறந்துவிடும் திட்டம் வேண்டாம்.

சரி, யாருக்கு எது?

பழைய லேப்டாப் வீட்டில் இருக்கிறதா? 240 - 256 அல்லது 500 - 512 ஜி.பி சாட்டா எஸ்.எஸ்.டி போடுங்கள். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. 4 ஜி.பி ரேமாவது போட முடிகிற மாடல் என்றால், எஸ்.எஸ்.டி-யும் சேர்ந்தால் பிள்ளைகள் டைப் பண்ணிப் பழகவும் பாடம் பார்க்கவும் அது போதும். ஒன்றை மறக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. மிகப் பழைய மாடல்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவற்றுக்கு உபுண்டு, மின்ட் போன்ற இலவச லினக்ஸ் நல்ல மாற்று.

கல்லூரி மாணவர், புது லேப்டாப்: 512 ஜி.பி என்.வி.எம்.இ. பையில் போட்டு பஸ்ஸிலும் பைக்கிலும் அலைபவர்களுக்கு நகரும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி-தான் பாதுகாப்பும்கூட.

போட்டோ ஸ்டூடியோ, வீடியோ எடிட்டிங்: வேலை நடப்பது என்.வி.எம்.இ-யில். முடிந்த கல்யாணங்கள் பெரிய ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு நகலாக.

கடை, வீட்டு சி.சி.டி.வி: கண்ணை மூடிக்கொண்டு ஹார்ட் டிஸ்க். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலை அது. கண்காணிப்புக்கென்றே தயாராகும் `சர்வைலன்ஸ்' வகை ஹார்ட் டிஸ்க் கேட்டு வாங்குங்கள்.

குடும்ப போட்டோ ஆல்பம்: வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க். ஒன்று வாங்கினால் பத்தாது, இரண்டு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்முன்...

* 1 டி.பி வாங்கினால் விண்டோஸில் 931 ஜி.பி என்றுதான் காட்டும். 512 வாங்கினால் 476. கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.

* ஆன்லைனில் `16 டி.பி போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி, வெறும் 1,500 ரூபாய்' என்று வந்தால் அது போலி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, 16 டி.பி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். முதல் சில ஃபைல்கள் நன்றாக ஏறும். அதற்குமேல் போடுவதெல்லாம் காற்றில் போகும். சந்தேகம் இருந்தால் `ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழு கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

* சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். ஆனால் ஜி.எஸ்.டி பில்லும், நிறுவன வாரன்ட்டியும் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். மூன்று அல்லது ஐந்து வருட வாரன்ட்டி உள்ள டிரைவ்களே நிறைய இருக்கின்றன.

* `க்யூ.எல்.சி', `டி.எல்.சி' என்று இருக்கும். ஒரு செல்லில் நான்கு பிட் அடைத்தால் க்யூ.எல்.சி, மூன்று என்றால் டி.எல்.சி. முதலாவது மலிவு, ஆனால் பெரிய ஃபைல்களை எழுதும்போது சீக்கிரம் மூச்சு வாங்கும். விலை வித்தியாசம் சின்னது என்றால் டி.எல்.சி எடுங்கள்.

* எஸ்.எஸ்.டி மாட்டிய பின் `டீஃப்ராக்' செய்யாதீர்கள். அது ஹார்ட் டிஸ்க்குக்கான வைத்தியம். எஸ்.எஸ்.டி-க்கு வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

* கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில் இருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி கேஸில் போட்டால், நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் அதுவே இன்னொரு நகல் வைக்க உதவும். நிலை எப்படி என்று `கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சள் வந்தால் அன்றைக்கே நகலெடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை

இப்போது அந்தக் கதை. எங்கள் வீட்டு போட்டோக்கள் எல்லாம் ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. டி.வி ஸ்டாண்டில், டி.வி-யோடு மாட்டியபடியே இருக்கும். போன வருடம் ஒருநாள் சித்தி பிள்ளைகள் ஓடி விளையாடியபோது ஒயர் காலில் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் தரையில் விழுந்தது. இரண்டடி உயரம்கூட இருக்காது.

ஓடும்போது அந்த முனைக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். அந்த நிலையில் விழுந்தால் என்ன ஆகும்? திரும்ப மாட்டியபோது `டக்... டக்... டக்...' என்று மட்டும் சத்தம் வந்தது.

அந்த நிமிடம் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. அப்பா திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினார். தம்பி லேசாகத் தட்டிப் பார்த்தான். நான் போனில், `வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்கப்பா' என்றேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சேதமடைந்த முனை தட்டைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் இந்தச் சத்தம் கேட்டால், அந்த நொடியே ஒயரை உருவிவிடுங்கள். மறுபடி மாட்டாதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள். முக்கியமான தகவல் என்றால், தூசி இல்லாத அறையில் பிரித்து மீட்கும் வசதியுள்ள இடத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

சென்னையில் அப்படி ஓர் இடத்தில் கொடுத்தேன். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போனது. போட்டோக்களில் பாதிக்கு மேல் வந்தன. அக்கா கல்யாணம் வந்தது. தம்பியின் காதுகுத்து வந்தது. 2018 தீபாவளி ஃபோல்டர் மட்டும் பெயர் இருந்தது, உள்ளே எதுவும் திறக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குத்தான் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, தான் வாக்கப்பட்டு வந்த கதையைச் சொல்ல, சித்தப்பா கேமராவில் எடுத்திருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுத்த வருடம் அப்பத்தா இல்லை. அப்பத்தா பேசிய வீடியோ எங்களிடம் வேறு எதுவும் கிடையாது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. ``வந்த வரைக்கும் சரி பாப்பா'' என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, சிங்கம்புணரியில் இருக்கும் அத்தை புதுப் போன் மாற்றும்போது பழைய வாட்ஸ்அப் குப்பையை எல்லாம் அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதில் ஒரு வீடியோ. சித்தப்பா அந்தத் தீபாவளி அன்றே கொஞ்சம் வெட்டி அனுப்பியது. 47 விநாடி. மங்கலாக, கட்டம் கட்டமாக. அப்பத்தா கேமராவைப் பார்த்து, ``இதப் புடிச்சு வச்சு என்னத்தடா பண்ணப் போறீக?'' என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

இருபது நிமிடத்தில் எங்களுக்கு மிஞ்சியது அதுதான். அதுவும் யாரோ திட்டம் போட்டுக் காப்பாற்றியதில்லை, அத்தை அழிக்க மறந்ததால் பிழைத்தது.

எந்த டிரைவ் வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான். எஸ்.எஸ்.டி-யும் ஒருநாள் சாகும், ஹார்ட் டிஸ்க்கும் சாகும். முக்கியமானது எதுவோ, அது மூன்று நகல் இருக்கட்டும். அதில் இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். டெக் உலகில் இதற்கு 3-2-1 விதி என்று பெயர். வெளியே என்பது கூகுள் டிரைவாகவும் இருக்கலாம், அத்தை வீட்டு பீரோவாகவும் இருக்கலாம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி-தான் என்பதால், எல்லாவற்றையும் கொட்டாமல் போனால் வராததை மட்டும் அங்கே ஏற்றுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு என்ன செய்தோம் என்றால், தம்பியின் லேப்டாப்பில் 500 ஜி.பி சாட்டா எஸ்.எஸ்.டி போட்டோம். கூடவே ரேமை 8 ஜி.பி ஆக்கினோம். இப்போது 20 விநாடிக்குள் திறக்கிறது. மீட்ட போட்டோக்களை இரண்டு புது ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வீட்டு பீரோவில், இன்னொன்றை அத்தையிடம் வைத்தாயிற்று. வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும், இரண்டையும் மாட்டித் திறந்து பார்ப்பது என்று முடிவு. டி.வி-யோடு எதையும் மாட்டி வைப்பதில்லை.

எல்லாம் முடிந்ததும் அப்பா லேப்டாப்பைத் திறந்து அந்த 47 விநாடியை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா, ``உலை இன்னும் கொதிக்கவே இல்ல, அதுக்குள்ள தெறந்துருச்சா?'' என்றார்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் போனில், லேப்டாப்பில் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும், போனால் திரும்ப வராத ஒரு ஃபைல் எது என்று யோசியுங்கள். இந்தப் பக்கத்தை மூடியதும் அதை இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: பழைய ஸ்மார்ட்போனை விற்கும்முன் செய்ய வேண்டியவை என்னென்ன?